எர்த் குழிக்கு இரண்டு குடம்

மனிதனின் கோபத்தை ஒரு குமிழைத் திருகி நிறுத்திவிடலாம் என்று முதன்முதலில் நிரூபிக்கப்போகும் இடம் செங்கல்பட்டுக்குத் தெற்கே பதினோரு கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்கு இன்னும் கொஞ்ச வருடம் ஆகும். அந்தக் காலத்தில் நிலவுக்கு வாராவாரம் சரக்கு போகும். பேருந்துகள் தாமாகவே ஓடித் தாமாகவே மோதிக்கொள்ளும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழிக்கு மட்டும் அப்போதும் மனிதன்தான் தண்ணீர் ஊற்றவேண்டியிருக்கும்.

அந்த இடத்தின் பெயர் மாநில நரம்பு மின்னியல் ஆய்வு நிறுவனம். அதன் இயக்குநர் முனைவர் அறவாழி. அவர் அறை வாசலில் மின்னும் எழுத்தில் ஒரு பலகை உண்டு. அவருடைய பட்டங்கள் அதில் வலமிருந்து இடமாக ஊர்ந்து முடிய நாலரை நிமிடம் ஆகும். அவரைப் பார்க்க வருகிறவர்கள் அதை முழுதும் படித்துவிட்டுத்தான் கதவைத் தட்டவேண்டும் என்று எழுதப்படாத விதி இருந்தது. பிறகு எழுதியும் ஒட்டினார்கள்.

பூங்கோதை அங்கே தொழில்நுட்ப உதவியாளர். தற்காலிகம். பதினோரு மாத ஒப்பந்தம், முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி, மறுநாள் மறுபடி பதினோரு மாதம். இடைவெளி விடாமல் வைத்திருந்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்கள் என்று பயம். இப்படிப் பதின்மூன்று முறை ஆகிவிட்டது. அந்த ஒரு நாளும் அவள் வேலைக்கு வரத்தான் செய்வாள். ஆய்வுக்கூடத் தவளைகளுக்கு இடைவெளி புரியாது. காவலாளியிடம் பார்வையாளர் பதிவேட்டை வாங்கி, ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் ‘தவளை’ என்று எழுதிவிட்டு உள்ளே போவாள்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் அறவாழி அவளை அழைத்தார். ‘உட்காருங்கள்’ என்று அவர் சொல்லவில்லை. அவளும் நின்றாள்.

“அந்தத் தவளை மெஷின் மனுஷனுக்கும் வேலை செய்யுதாமே?”

“செய்யுது சார். போன வருஷமே ரிப்போர்ட் அனுப்பினேன்.”

“படிச்சேன். என்ன எழுதியிருந்தீங்க?”

“வோல்டேஜ் கிளாம்ப் சார். தவளை முட்டைக்குள்ள ரெண்டு ஊசி விடுவோம். ஒண்ணு பாக்கும், இன்னொண்ணு ஊத்தும். முட்டையோட வோல்டேஜ் நாம சொன்ன இடத்துல நிக்கணும். அது மேல போகப் பாத்தா, அதே அளவுக்குக் கரண்டை எதிர்த் திசையில ஊத்தி—”

“தமிழ்ல சொல்லுங்க.”

அதுவரை அவள் வேறு மொழியில் பேசியதாக அவளுக்கு நினைவில்லை. 

“கல்யாணத்துல சம்பந்தி கோவிச்சுக்கிட்டுப் பந்தியை விட்டு எழுந்திருக்கிறதைப் பாத்திருப்பீங்க சார்.”

“நானே எழுந்திருக்கேன்.”

“தோளைப் பிடிச்சு உக்கார வைப்பாங்கள்ல. ஒரு ஆள் போதும்னா சின்னக் கோபம். ஆறு பேர் வேணும்னா பெரிய கோபம். மெஷின்தான் சார் அந்த ஆறு பேரும். பாக்கிறவங்களுக்கு சம்பந்தி இலை முன்னால அசையாம உக்காந்திருப்பார். ஆனா அவரைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டியிருந்துச்சுங்கிறது பேப்பர்ல கோடா விழும்.”

அறவாழி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “அந்தப் பேப்பரை யார் பாப்பாங்க?”

“நான் மட்டும்தான் சார்.”

“பிடிச்சு நிறுத்தின கோபம் எங்க போகும்?”

“எர்த்துக்குப் போயிடும் சார்.”

விஷயம் இதுதான். துணைவேந்தர் பதவிக்கு அவர் பெயர் மூன்றாவது முறையாகப் பட்டியலில் இருந்தது. முதல்முறை தேர்வுக் குழு வந்தபோது, காபியில் ஆடை மிதந்ததென்று அட்டெண்டர் மேல் டம்ளரை எறிந்தார். அட்டெண்டர் பழக்கப்பட்டவர், குனிந்துகொண்டார். குழுத் தலைவர் புதியவர். இரண்டாம் முறை, கார்க் கதவைத் திறக்கத் தாமதித்த டிரைவரின் பரம்பரையை ஏழு நிமிடம் ஆராய்ந்தார். காருக்குள் குழு உட்கார்ந்திருந்தது அவருக்கு மறந்துவிட்டது.

“எனக்கு நரம்பு கொஞ்சம் நுட்பமானது” என்றார் அறவாழி. “மேதைகளுக்கு அப்படித்தான். இந்தத் தடவை குழு இங்க இருக்கிற மூணு மணி நேரமும் நான் அமைதியா இருக்கணும். நான் துணைவேந்தர் ஆனா, இங்கேயிருந்து போறதுக்கு முன்னால போடற கடைசிக் கையெழுத்து உங்க நிரந்தர ஆணையில.”

ஆகாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“ஆகலைன்னா, இந்தத் தடவை உங்க ஒரு நாள் இடைவெளி கொஞ்சம் நீளும்.”

கருவிக்கு அவர் ‘மனவெழுச்சி நிலைநிறுத்தி’ என்று பெயர் வைத்தார். மற்ற எல்லோரும் கிளாம்ப் என்றே சொன்னார்கள்.

*

இந்தக் கருவியை ஆள்மேல் மாட்டுவதற்கு முன் ஒரு டம்மியில் மாட்டிப் பூஜ்யம் சரிபார்ப்பது முறை. டம்மி வாங்க எழுதிய கடிதம் நாலு வருடமாகக் கொள்முதல் பிரிவில் இருந்தது. அதனால் பூங்கோதையே டம்மி. காதுக்குப் பின்னால் இரண்டு வில்லைகள், கணுக்காலில் ஒரு எர்த் பட்டை. எர்த் பட்டைக்கு வெள்ளிக் கம்பி வேண்டும். அதற்கும் டெண்டர். அவள் தன் அறுந்த கொலுசைக் கழிவறை பிளீச்சில் ஊறவைத்து, குளோரைடு படிந்து சாம்பல் நிறம் ஏறியதும் பட்டையில் கோத்துக்கொண்டாள்.

கோப அளவு பூஜ்யத்திலிருந்து நூறு வரை. நூறு என்பது அறவாழி பேப்பர்வெயிட் எறிவது. ஐம்பது, ‘வெளியே போ’. இருபது, நாக்கால் ‘ச்சே’. பத்து என்பது மகான்களுக்கு உரியது.

ஒருமுறை அவள் கருவியை மாட்டிக்கொண்டிருந்தபோதே அறவாழி உள்ளே வந்து, சன்னல் கம்பியில் தூசி இருந்ததற்காகப் பதினோரு நிமிடம் கத்தினார். பேனா முள் அசையவில்லை. ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேர்கோடு.

மின்பணியாளர் சவரிமுத்து அப்போது ஏணிமேல் டியூப் மாற்றிக்கொண்டிருந்தார். ஏஜென்சி மூலம் வந்தவர், அவளைவிடத் தற்காலிகம். அவர் இறங்கி வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். கோட்டைப் படிக்க அவருக்கு அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

“ஏம்மா கோதை, உனக்குக் கோபமே வராதா?”

“வரலையேண்ணே. மெஷினே சொல்லுது பாருங்க.”

அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

*

இயக்குநர் அறையில் கருவியை முதன்முதலில் இயக்கியபோது பேனா கோடு போடவில்லை, கம்பளி பின்னியது. சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் அது. தவளை முட்டையைச் செப்பு வலைக் கூண்டுக்குள் வைத்து இதைத் தடுத்துவிடலாம். இயக்குநரைக் கூண்டுக்குள் வைத்துக் குழுவுக்குக் காட்டுவது நன்றாக இருக்காது என்று பூங்கோதை நினைத்தாள். சவரிமுத்து அப்படி நினைக்கவில்லை.

அதனால் இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று அறையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கவேண்டியதாயிற்று.

“முதல்ல அந்த வாசல் பலகை சார்.”

“அது என் பட்டங்கள்.”

“அதுதான் சார் அதிகமா இரையுது.”

பலகையை அணைத்ததும் கம்பளி பாதியாக மெலிந்தது. அடுத்தது சுவரில் இருந்த மின்படச் சட்டம். அறவாழி விருது வாங்கும் நாற்பத்திரண்டு படங்கள் அதில் மாறி மாறி வரும். அவற்றில் பத்தொன்பது விருதுகளை நிறுவியவரும் அவரே. அணைத்தார்கள். கதவுமேல் எரியும் சிவப்பு விளக்கு. அணைத்தார்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒளிரும் நிறுவனச் சின்னம். நாற்காலிக்குள் முதுகைப் பிடித்துவிடும் மோட்டார். மூலையில் சந்தன மணம் கக்கும் பெட்டி. ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது கோடு கொஞ்சம் மெலிந்தது. அறவாழியும் கொஞ்சம் மெலிந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த அறையில் ஒரு மேசையும், வெள்ளைத் துண்டு போர்த்திய ஒரு நாற்காலியும், ஒரு மனிதரும் மிஞ்சினார்கள். பூங்கோதைக்கு அவரை அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது.

துண்டுக்கு மின்சாரம் கிடையாது. ஆகவே அது தப்பியது. வில்லைகளிலிருந்து வரும் ஒயர்களை அதற்குள் மறைத்து, சுவர் ஓட்டை வழியாக அடுத்த அறையிலிருந்த கருவிக்குக் கொண்டுபோனாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார். காலிங் பெல்.”

“வேண்டாம்.”

“அழுத்தினா பெரிசா ஒரு அதிர்ச்சி வரும் சார். கிளாம்ப் நிலைதடுமாறிடும்.”

“பெல் இல்லாம நான் எப்படி இயக்குநர்?” என்றார் அவர். குரலில் உண்மையான திகில் இருந்தது. “அழுத்தமாட்டேன். இருக்கட்டும். கை பக்கத்துல இருந்தா போதும்.”

இருக்கட்டும் என்று விட்டாள்.

இரைச்சல் போன பிறகும் கோடு மெதுவாக மேலே மிதந்தது. சவரிமுத்து பார்த்தவுடன் சொல்லிவிட்டார்.

“எர்த் குழி காஞ்சிருக்கும்மா. கரியும் உப்பும் போட்டு மூடின குழி. ஈரம் இருந்தாத்தான் கரண்டை வாங்கிக்கும். இல்லைன்னா திருப்பிக் குடுக்கும்.”

“தண்ணி ஊத்துங்களேண்ணே.”

“எங்க ஊத்தறது? குழி மேலதான் அவர் கொரியாப் புல்லு போட்டிருக்காரே.”

அறவாழியின் சன்னலுக்கு நேரெதிரே அந்தப் புல்வெளி. நடுவில் ‘மிதிக்காதீர்’ என்று பலகை. குழிக்குத் தண்ணீர் ஊற்றப் போய் சவரிமுத்து ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் ஏஜென்சி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

பூங்கோதை பேசிப் பார்த்ததில் அறவாழி ஒரு சலுகை தந்தார். காலை ஆறு மணிக்கு, செருப்பில்லாமல், இரண்டு குடம் மட்டும். அவர் கண்ணில் படக்கூடாது.

*

இனி டியூனிங். கருவி எவ்வளவு வேகமாக, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கவேண்டும் என்பதைக் கெயின் குமிழ் தீர்மானிக்கும். குறைவாக வைத்தால் பிடி தளர்ந்து போகும். அதிகமாக வைத்தால் கருவியே உதற ஆரம்பிக்கும். தவளை முட்டையென்றால் அந்த உதறலில் வெடித்துவிடும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க வினாடிக்கு ஒருமுறை அளவைப் பத்திலிருந்து இருபதுக்கு ஏற்றி, உடனே இறக்கி, எப்படிப் போய் வருகிறது என்று பார்க்கவேண்டும்.

இருபது என்பது ‘ச்சே’.

“ச்சேஏஏஏ” என்றார் அறவாழி. சற்று நேரம் கழித்து மறுபடியும், “ச்சேஏஏஏ.”

“தொய்வா இருக்கு” என்று பூங்கோதை அடுத்த அறையிலிருந்து சொல்லிவிட்டு, குமிழைக் கொஞ்சம் திருகினாள்.

“ச்சேஏ. ச்சேஏ.”

“என்ன சார் ஆச்சு?” என்று அட்டெண்டர் கதவைத் திறந்தார்.

“ஒண்ணும் இல்லப்பா. ச்சேஏ. நீ போ. ச்சேஏ.”

இன்னும் கொஞ்சம் திருகினாள்.

“ச்சே-ச்சே-ச்சே-ச்சே-ச்சே—”

“அதிகமாயிடுச்சு” என்று சட்டெனக் குறைத்தாள். அப்புறம் இம்மி இம்மியாக ஏற்றினாள். காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை, காதால் கேட்டே கண்டுபிடித்தாள்.

“ச்சே.” அமைதி. “ச்சே.” அமைதி.

நறுக்கென்று, விளிம்பு மழுங்காமல் இருந்தது. அவள் பேனாவால் குமிழ்மேல் ஒரு புள்ளி வைத்தாள்.

*

குழு வரும் தேதி மூன்று முறை மாறி, மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமையில் வந்து நின்றது. அது பூங்கோதையின் இடைவெளி நாள். காவலாளி வழக்கம்போலப் பதிவேட்டை நீட்டினார். ‘யாரைப் பார்க்க’ என்பதில் அன்றைக்கு ‘இயக்குநர்’ என்று எழுதினாள். ‘காரணம்’ என்பதில் ‘அமைதி’. கழுத்தில் பார்வையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

குழு பத்து மணிக்கு வருவதாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்தது. மூன்று பேர். இருவர் வரும்போதே பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். தலைவர் கமலவேணி ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். தூங்குகிற வழக்கம் அவருக்கு இல்லை. மற்றவர்களையும் தூங்கவிட்டதில்லை என்று சொல்வார்கள்.

“உங்க ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிச்சேன் டாக்டர்” என்று ஆரம்பித்தார். “எதுவுமே புரியலை. புரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

“நல்ல கேள்வி மேடம்” என்றார் அறவாழி.

“ஒன்பது வருஷமா இங்க இருக்கீங்க. என்ன கண்டுபிடிச்சீங்க?”

“நியாயமான கேள்வி மேடம்.”

“இந்த மாதிரி ஒரு நிறுவனத்தை மூடினா யாருக்காவது தெரியுமா?”

“மிக ஆழமான கேள்வி மேடம்.”

அடுத்த அறையில் பூங்கோதைக்கு வியர்த்தது. பேனா முள் அசையவே இல்லை. இத்தனை அவமானத்துக்குக் கோடு குதித்திருக்கவேண்டும். ஒயர் அறுந்துவிட்டதோ என்று இழுத்துப் பார்த்தாள். ஃபியூஸைக் கழற்றி மாட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கோடு மட்டும் மெதுவாக மிதக்க ஆரம்பித்தது. அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அக்னி நட்சத்திர வெயில். காலை ஆறு மணிக்கு ஊற்றிய தண்ணீர் எப்போதோ ஆவியாகியிருக்கும். குழி காய்ந்தால் கிளாம்ப் பிடியை விட்டுவிடும்.

வராந்தாவில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, குழிக்குத் தண்ணி.”

“இப்பவா? அவர் கண்ணு முன்னாலயா?”

“வேற வழியில்லண்ணே. இன்னும் பத்து நிமிஷத்துல பிடி விட்டுடும்.”

“மூணாவது மெமோ வருமேம்மா.”

 அவர் அவள் கழுத்திலிருந்த பார்வையாளர் அட்டையைப் பார்த்தார். பதின்மூன்று வருடமாக அவர் பார்க்கும் அட்டைதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தை எடுத்தார்.

“வுடு. நமக்கெல்லாம் எந்த வேலை சாசுவதம்?”

இரண்டு நிமிடம் கழித்து சவரிமுத்து புல்வெளியில் கால் வைத்தார். பேனா முள் துள்ளி எழுந்து, காகிதத்தின் விளிம்பைத் தாண்டி, கருவியின் தகரத்தில் டக்கென்று மோதி நின்றது.

பூங்கோதை முதலில் பயந்தாள். பிறகு சுவர் ஓட்டை வழியாகப் பார்த்தாள். அறவாழியின் முகத்தில் புன்னகை. கண்கள் மட்டும் சன்னல் வழியாக ஒரு வெறுங்காலைப் பின்தொடர்ந்தன. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மெஷின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இவ்வளவு நேரம் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

சவரிமுத்து குழிமூடியைத் தேடிப் புல்லை விலக்கினார். தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்றக் குழி ஈரமாகி, கிளாம்ப் இன்னும் இறுக்கமாகப் பிடித்தது. பிடிக்கப் பிடிக்க அறவாழி இன்னும் அமைதியாக, இன்னும் தெளிவாக, அந்த ஆள் புல்லில் நிற்பதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறியது. ஏறிய கோபம் ஒயர் வழியாகப் போய் சவரிமுத்துவின் காலடிக் குழியில் இறங்கியது. இரண்டாவது குடத்தை எடுக்க அவர் திரும்பிப் போனார். போகும்போதும் புல்லை மிதித்துக்கொண்டுதான் போனார்.

“உங்க நிர்வாகத் தத்துவம் என்ன டாக்டர்?” என்றார் கமலவேணி.

அறவாழியின் கை, ஒன்பது வருடப் பழக்கத்தில், தானாகப் போய் பெல்லை அழுத்தியது.

கிளாம்ப் உதறத் தொடங்கியது.

“ரொம்ப எளிமையானது மேடம். ஒவ்வொரு ஊழியரையும் நான்—டேய்—என் குடும்பத்துல ஒருத்தரா—எவன்டா அவன் புல்லு மேல—நினைக்கிறேன். அதிகாரம் வேற, அன்பு—மெமோ—வேற. அன்புதான்—மெமோ குடுங்கடா அவனுக்கு—நிலைக்கும்.”

தூங்கிக்கொண்டிருந்த இருவரும் விழித்தார்கள். பூங்கோதை குமிழை இம்மி இம்மியாகக் குறைத்தாள். உதறல் தணிந்தது. கடைசி ‘டேய்’ மிகவும் கனிவாக, குழந்தையைக் கூப்பிடுவது போல வந்தது. அறவாழி புன்னகைத்தார். இருவரும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கமலவேணி வெள்ளைத் துண்டைப் பார்த்தார். அதன் ஓரத்தில் எட்டிப்பார்த்த ஒயரைப் பார்த்தார். அது எந்தச் சுவருக்குள் போகிறதென்று பார்த்தார். “கொஞ்சம் கை கழுவிட்டு வரேன்” என்று எழுந்தார்.

அடுத்த அறைக் கதவு திறந்ததும் பூங்கோதை எழுந்து நின்றாள்.

“இதுதான் இவ்வளவு நேரம் பேசிட்டிருந்ததா?”

பூங்கோதை கருவிக்கு முன்னால் நகர்ந்து நின்றாள்.

“நீங்க யாரு இங்க?”

“விசிட்டர் மேடம்.” அட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு நாள் இடைவெளியைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னாள்.

“அப்ப இன்னிக்கு உங்களுக்கு மேலதிகாரி யாரும் கிடையாது.”

அப்படி ஒரு கோணம் இருப்பது பதின்மூன்று வருடத்தில் பூங்கோதைக்குத் தோன்றியதில்லை. சம்பந்தியையும் ஆறு பேரையும் சொல்லிக் கோட்டை விளக்கினாள். நிரந்தர ஆணை கண்ணெதிரே எரிந்து சாம்பலாவது போல இருந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

கமலவேணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காகிதத்தை நெருங்கிப் பார்த்தார். “நான் கேள்வி கேட்டப்ப கோடு எங்க?”

“இங்க மேடம். நேராத்தான் இருக்கு.”

“மெஷின் என்னென்ன பிடிச்சு நிறுத்துச்சு?”

“எதையும் இல்ல மேடம். சும்மா இருந்துச்சு. நீங்க கேட்டதுக்கு அவருக்குக் கோபமே வரலை.”

“தோட்டத்துல அந்த ஆள் வந்ததும்?”

“பேப்பரை விட்டே வெளிய போயிடுச்சு.”

கமலவேணி அந்தக் காகிதத்தைக் கிழித்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு அத்தாட்சி என் கையில கிடைச்சதில்ல” என்றார்.

அவர் போனதும் பூங்கோதை நாற்காலியில் விழுந்தாள். வேலை போயிற்று. ஆனால் உண்மை ஜெயித்தது என்று ஒரு ஆறுதல்.

*

மூன்று வாரம் கழித்து அறவாழி துணைவேந்தராக நியமிக்கப்பட்டார்.

குழுவின் அறிக்கையில் ஒரு பத்தி பிறகு எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது: ‘மேலிடத்திலிருந்து வரும் எத்தகைய கேள்விக்கும் இவரிடம் இம்மியளவு எதிர்ப்புகூட எழுவதில்லை என்பது கருவி மூலம் உறுதிசெய்யப்பட்டது. அதேவேளை, கீழ்நிலையில் நிகழும் மிகச் சிறிய ஒழுங்குமீறலும் இவர் கவனத்துக்குத் தப்புவதில்லை. இவ்விரு தகுதிகளும் ஒருங்கே அமைந்த வேறொரு விண்ணப்பதாரரை நாங்கள் காணவில்லை.’

அறவாழி சொன்ன சொல் காப்பாற்றினார். கடைசிக் கையெழுத்து பூங்கோதையின் நிரந்தர ஆணையில். அதற்கு முந்தின கையெழுத்து சவரிமுத்துவின் மூன்றாவது மெமோவில்.

சவரிமுத்துவை ஏஜென்சி அனுப்பிவிட்டது. அடுத்து வந்தவர் புல்லுக்கடியில் எர்த் குழியைத் தேடி ஒன்பது இடத்தில் தோண்டினார். இரண்டு மாதம் கழித்து அவரை அனுப்பிவிட்டு சவரிமுத்துவையே கூப்பிட்டார்கள். அவசரத் தேவை இருந்தது. புதிய துணைவேந்தர் பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் சேர்த்து அறுபது கிளாம்ப் செய்யச் சொல்லியிருந்தார். இனிமேல் யாரைத் தேர்ந்தெடுப்பதானாலும் கோட்டைப் பார்த்துத்தான். அதற்கென நிறுவனத்திலேயே ஒரு தனிப் பிரிவு, தனி அறை, புது டைல்ஸ் தரை. பிரிவின் பொறுப்பாளர் பூங்கோதை. வாசலில் பெயர்ப் பலகை உண்டு, மின்னாதது. அவள் நாற்காலியின் முதுகில் யாரோ ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்துவிடவேண்டும் என்று முதல் வாரம் நினைத்தாள்.

அடுத்த மே மாதம் வந்தது. அவளுக்கு இப்போது இடைவெளி நாள் கிடையாது. பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. ஒரு காலை, முப்பத்தேழாவது கிளாம்புக்குப் பூஜ்யம் சரிபார்க்க வேண்டியிருந்தது. டம்மிக்கான டெண்டர் இன்னும் முடியவில்லை. வழக்கம்போல வில்லைகளைத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டு, அளவைப் பத்தில் நிறுத்தினாள். பேனா நேர்கோடு போட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு சவரிமுத்து வந்தார். குழிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நேரே வருகிறார். முழங்கால் வரை சேறு. வாசலிலிருந்து அவள் மேசை வரை புது டைல்ஸில் ஏழு பாதங்கள் பதிந்தன. பளிச்சென்று, விரல் விரலாக.

“ஊத்தியாச்சும்மா கோதை” என்றவர், வாயைத் துடைத்துக்கொண்டு, “மேடம்” என்று திருத்தினார். “தரை ஈரமாயிடுச்சு போல.”

“பரவாயில்ல சவரிமுத்து” என்றாள் அவள். புன்னகை முகத்தில் அப்படியே இருந்தது. குரல் மயிலிறகு போல இருந்தது.

டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பேனா முள் தகரத்தில் மோதி நின்றுகொண்டிருந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டைப் படிக்க அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். சவரிமுத்து கோட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், தான் வந்த தடத்தைப் பார்த்தார். பிறகு அதே ஏழு பாதங்களின்மேல் காலை வைத்து, எட்டாவது விழாமல், வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து போனார்.

“இன்னும் ரெண்டு குடம் ஊத்திட்டு வந்துடறேன் மேடம்” என்றார்.